பலகாரத் தட்டும் 360 கார்டும்: கியூபில் பேலன்ஸ் என்பது எது?

ஞாயிறு மதியம் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் பாய் விரித்து, மேஜிக் த கேதரிங் என்ற கார்டு ஆட்டம் ஆடுவோம். தோட்டத்தில் வளர்ந்து இப்போது தாமான் வீடுகளுக்கு வந்துவிட்ட நான்கு பேர் தவறாமல் வருவோம். ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறவர்கள் பெருநாள் விடுமுறைக்கு வந்துவிட்டால் எட்டுப் பேர். ஆட்டம் முடிந்து தே ஓ ஆற்றும்போது யாராவது ஒருவர் சொல்வார்: “அண்ணே, செட்டு பேலன்ஸ் இல்ல. அந்தக் கார்டத் தூக்கிடுங்க.” செட்டு என்று அவர்கள் சொல்வது, ஆடுவதற்காக நாங்களே பொறுக்கி அடுக்கிய கார்டுப் பெட்டியை. அதற்குத்தான் கியூப் என்று பெயர்.

பேலன்ஸ் என்ற சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது. பொருள்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. எல்லாக் கார்டும் ஒரே பலமாக இருப்பது என்பார் ஒருவர். கடையில் விலை கூடிய கார்டுகளே இல்லாமல் இருப்பது என்பார் இன்னொருவர். ஐந்து நிறத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் கார்டு வைத்தால் முடிந்தது என்பார் வேறொருவர். இந்த மூன்றையும் நம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த செட்டைப் பிரித்துப் போட்டு, ஆறே மாதத்தில் ஆட்டத்தையே விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். புதிதாகச் சேர்கிற தம்பி தங்கைகளுக்கு அப்படி ஆகக் கூடாது. அதற்காகத்தான் இந்த விளக்கம்.

## முதலில் ஆட்டம்

நாங்கள் ஆடுவது மேஜிக் த கேதரிங். ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணித ஆசிரியர் வடிவமைத்து 1993இல் வெளிவந்த ஆட்டம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது. ஆளுக்கு 20 உயிர். எதிராளியின் உயிரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் வெற்றி.

கார்டை இறக்க விலை கொடுக்க வேண்டும். அந்த விலைக்கு மானா என்று பெயர். மானாவைத் தருவது லேண்டு, அதாவது நிலம். ஒரு சுற்றுக்கு ஒரு லேண்டுதான் இறக்கலாம். ஆகவே முதல் சுற்றில் கையில் ஒரு வெள்ளி, இரண்டாம் சுற்றில் இரண்டு வெள்ளி, ஐந்தாம் சுற்றில் ஐந்து வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய வெள்ளியை அன்றே செலவழித்துவிட வேண்டும், சேர்த்துவைக்க முடியாது. நம் பக்கம் நின்று சண்டை போடும் கார்டுகளுக்குக் கிரீச்சர் என்று பெயர். வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று ஐந்து நிறங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்: சிவப்பு வேகமாக அடிக்கும், நீலம் காத்திருந்து தடுக்கும், பச்சை பெரிய கிரீச்சர்களை வளர்க்கும்.

ஆட்டத்தைப் பற்றி இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

## தட்டு சுற்றுகிறது

தீபாவளிக்கு எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பலகாரத் தட்டு. ஒவ்வொரு தட்டிலும் 15 பலகாரம், எல்லாம் வெவ்வேறு. உங்கள் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு தட்டை இடப்பக்கம் தள்ளுகிறீர்கள். வலப்பக்கத்து ஆள் தள்ளிய தட்டு உங்களிடம் வருகிறது. அதில் 14 மிச்சம். அதிலும் ஒன்று. இப்படியே தட்டு காலியாகும்வரை. டிராஃப்ட் என்பது இதுதான். பலகாரத்துக்குப் பதில் கார்டு, தட்டுக்குப் பதில் பேக்.

ஆளுக்கு மூன்று பேக். முதலாவது இடப்பக்கம் போகும், இரண்டாவது வலப்பக்கம், மூன்றாவது மறுபடி இடப்பக்கம். கடைசியில் ஒவ்வொருவர் கையிலும் 45 கார்டு. அவற்றில் 23 அல்லது அதையொட்டி எடுத்து, 17 லேண்டு சேர்த்து, 40 கார்டுக் கட்டு ஒன்றை அமைப்போம். ஒரே நிற மானா தரும் அடிப்படை லேண்டுகள் தனியாக ஒரு டப்பாவில் இருக்கும், யாரும் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம்.

எட்டுப் பேர் இருந்தால், நீங்கள் முதலில் பார்த்த தட்டு, ஒன்பதாவது கார்டை எடுக்கும் நேரத்தில் உங்களிடமே திரும்பி வரும். அதில் ஏழு கார்டு மிச்சம் இருக்கும். உங்கள் கண் அப்போது வேலை செய்ய வேண்டும். முதலில் பார்த்த நல்ல பச்சைக் கார்டு ஒன்று இன்னும் அங்கேயே கிடக்கிறது என்றால், அந்த வட்டத்தில் பச்சையை யாரும் தேடவில்லை என்று பொருள். வாய் திறக்காமல் தட்டு சொல்லும் இந்தச் சேதிக்குச் சிக்னல் என்று பெயர். டிராஃப்டின் இனிமையே இதுதான் என்பேன். அதிரசத்துக்குப் போட்டி இருக்கிறதா, முறுக்கு மட்டும் அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்த்து நம் பக்கத்தை மாற்றிக்கொள்வது.

## கியூப்: நாமே அடுக்கும் பெட்டி

கடையில் வாங்கும் பேக்கைப் பிரித்து டிராஃப்ட் ஆடினால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் காசு போக வேண்டும். அதற்குப் பதில், நமக்குப் பிடித்த கார்டுகளை நாமே பொறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று வைத்து, ஒரே மாதிரி உறை போட்டு, ஒரு பெட்டியில் அடுக்கிவிடலாம். ஆடும் நாளில் அதைக் கலைத்து 15, 15ஆகப் பிரித்தால் பேக் தயார். ஆட்டம் முடிந்ததும் எல்லாம் பெட்டிக்கே திரும்பும். இதற்குக் கியூப் என்று பெயர்.

எட்டுப் பேருக்கு 45 வீதம் 360 கார்டு வேண்டும். கியூபின் குறைந்த அளவாகப் பலரும் 360ஐ வைப்பதற்குக் காரணம் அதுதான். 450, 540, 720 என்று வைப்பவர்களும் உண்டு. எங்கள் பெட்டியில் நிறத்துக்கு 50 வீதம் 250, இரு நிறம் கலந்தவை 30, நிறமில்லாதவை 40, இரு நிற மானா தரும் லேண்டுகள் 40. மொத்தம் 360.

## ஒரே எண், வேறு வேறு பலம்

“எல்லாக் கார்டும் சமமாக இருக்க வேண்டும்” என்கிறவர்களுக்கு இந்த ஆட்டமே 1993இல் ஒரு பாடம் வைத்திருக்கிறது. முதல் பதிப்பில் ஐந்து நிறத்துக்கும் ஒன்று வீதம் ஐந்து கார்டுகள் வந்தன. ஐந்துக்கும் விலை ஒரு மானா. ஐந்தும் தருவது மூன்று. வெள்ளையின் ஹீலிங் சால்வ் மூன்று உயிர் தரும். நீலத்தின் ஆன்செஸ்ட்ரல் ரீகால் மூன்று கார்டு எடுக்கவைக்கும். கறுப்பின் டார்க் ரிச்சுவல் மூன்று மானா தரும். சிவப்பின் லைட்னிங் போல்ட் மூன்று அடி அடிக்கும். பச்சையின் ஜயன்ட் குரோத் ஒரு கிரீச்சரின் பலத்தை அந்தச் சுற்றுக்கு மூன்று கூட்டும்.

காகிதத்தில் பார்த்தால் இதைவிட நேர்மையான சமம் கிடையாது. நடந்ததோ வேறு. ஆன்செஸ்ட்ரல் ரீகால் இந்த ஆட்டத்தின் மிகப் பலமான ஒன்பது கார்டுகளில் ஒன்றாக எண்ணப்படுகிறது. லைட்னிங் போல்ட் இன்றைக்கும் அடிக்கும் கார்டுகளுக்கு அளவுகோல். ஹீலிங் சால்வை விரும்பி எடுப்பவர் அபூர்வம். மூன்று உயிர் தோல்வியைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மூன்று கார்டு மூன்று புது வழிகளைத் திறந்துவிடும். எண் ஒன்றாக இருந்தும், அது ஆட்டத்தில் செய்கிற வேலை ஒன்றாக இல்லை.

ஆகவே ஒரு கார்டை மட்டும் தூக்கிப் பார்த்து அதன் பலத்தைச் சொல்ல முடியாது. அது எந்தக் களத்தில், எந்தக் கார்டுகளுக்கு நடுவே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

## எல்லாரும் முதலில் எடுக்கும் கார்டு

அப்படியானால் நாம் எதைச் சமன் செய்கிறோம்? தேர்வை. தட்டு கைக்கு வரும்போது “இதையா, அதையா” என்று மனம் ஒரு கணம் தடுமாற வேண்டும். அந்தத் தடுமாற்றம் இருக்கும்வரை கியூப் நலமாக இருக்கிறது.

எங்கள் பெட்டியில் ஒரு காலத்தில் உமேஸாவாஸ் ஜிட்டே என்ற ஆயுதக் கார்டு இருந்தது. 2005இல் வந்தது. இறக்க இரண்டு மானா, ஒரு கிரீச்சரின் கையில் கொடுக்க இரண்டு மானா. அந்தக் கிரீச்சர் சண்டையில் ஒருமுறை அடித்துவிட்டால் ஆயுதத்தின் மேல் இரண்டு காய் ஏறும். ஒவ்வொரு காயையும் செலவழித்துத் தன் கிரீச்சரைப் பெரிதாக்கலாம், எதிராளியின் கிரீச்சரைச் சுருக்கலாம், அல்லது இரண்டு உயிர் கூட்டிக்கொள்ளலாம். போதாக்குறைக்கு அதற்கு நிறமே இல்லை. எந்தக் கட்டிலும் பொருந்தும். பேக்கைப் பிரித்தவர் அதைப் பார்த்த நொடியே மற்ற 14 கார்டும் இல்லாததுபோல் ஆகிவிடும். யோசிக்கவே இடமில்லை. அதனால் அதைப் பெட்டியிலிருந்தே எடுத்துவிட்டோம்.

பெட்டியில் உள்ள கார்டுகள் ஒன்றோடொன்று போட்டியிடும் அளவுக்கு நெருக்கமான பலத்தில் இருப்பதைப் பவர் லெவல் ஒத்திருக்கிறது என்பார்கள். அது உயரமாகவும் இருக்கலாம், தாழ்வாகவும் இருக்கலாம். எளிதில் கிடைக்கும் காமன் கார்டுகளை மட்டும் வைத்து அருமையான கியூப் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கடை விலைக்கும் பேலன்ஸுக்கும் தொடர்பில்லை என்பதற்கு அதுவே சான்று.

இதைச் சோதிக்க ஆட்டமே வேண்டாம். கலைத்து 15 கார்டைப் பாயில் பரப்பி, வந்தவர்களிடம் “முதல் கார்டு எது?” என்று கேளுங்கள். நான்கு பேரும் ஒரே கார்டைக் காட்டினால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று விரல்கள் வெவ்வேறு பக்கம் போனால் நல்ல பேக். அதேபோல், டிராஃப்டில் கடைசியாகச் சுற்றி வரும் கார்டையும் குறியுங்கள். மாதக்கணக்கில் ஒரே கார்டு கடைசியில் வந்தால், அது பெட்டியில் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

## ஒன் டூ சோம்

சின்ன வயதில் தோட்டத் திடலில் யார் முதலில் பந்தடிப்பது என்று முடிவுசெய்ய “ஒன் டூ சோம்” போடுவோம். பறவை தண்ணீரைக் குடிக்கும், தண்ணீர் கல்லை மூழ்கடிக்கும், கல் பறவையை அடிக்கும். எதுவும் எல்லாவற்றையும் வெல்லாது.

கியூபிலும் இப்படி மூன்று போக்கு உண்டு. மலிவான சின்னக் கிரீச்சர்களைச் சரசரவென்று இறக்கி, எதிராளி நிமிர்வதற்குள் 20 உயிரையும் எடுத்துவிடுவது அக்ரோ. எல்லாவற்றையும் தடுத்து, அழித்து, கடைசியில் ஒரு பெரிய கார்டால் முடிப்பது கன்ட்ரோல். இரண்டுக்கும் நடுவே, கொஞ்சம் பெரிய கிரீச்சர்களை வைத்துத் தாங்கி அடிப்பது மிட்ரேஞ்ச். அக்ரோ கன்ட்ரோலை அது தயாராகும் முன்னே பிடிக்கும், மிட்ரேஞ்ச் அக்ரோவைச் சுவர்போல் நிறுத்தும், கன்ட்ரோல் மிட்ரேஞ்சைப் பொறுமையால் வெல்லும். ஒன் டூ சோம்போல் கறாரான விதி கிடையாது, ஆனால் சாய்வு அப்படித்தான். ஒரு போக்குக்கு வேண்டிய கார்டுகள் பெட்டியில் குறைந்துவிட்டால், அதற்கு அஞ்ச வேண்டிய போக்கு தலைவிரித்து ஆடும்.

பலமான கார்டைத் தூக்கினால் பேலன்ஸ் வந்துவிடும் என்ற நம்பிக்கை அடிவாங்குவது பெரும்பாலும் இங்கேதான். குற்றவாளி அந்தக் கார்டாக இருக்காது. அதை எதிர்க்க வேண்டியது பெட்டியில் இல்லாததுதான் காரணமாக இருக்கும்.

## பாதிக் கார்டுதான் பாய்க்கு வரும்

எங்கள்போல் சின்ன ஊரில் கியூப் வைத்திருக்கிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. எட்டுப் பேர் வந்தால் 360 கார்டும் ஆட்டத்தில் இருக்கும். நான்கு பேர் மட்டும் வந்தால்? நான்கு பேருக்கு 45 வீதம் 180. பெட்டியில் பாதி வெளியே வரவே வராது. ஒரு குறிப்பிட்ட கார்டு அன்றைக்கு வரும் வாய்ப்பு அரை. இரண்டு குறிப்பிட்ட கார்டுகள் ஒன்றாக வரும் வாய்ப்பு அரையில் அரை, அதாவது கால். மூன்று என்றால் அரைக்கால். வந்தாலும் ஒரே ஆளின் கைக்குப் போக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. டிசீவர் எக்ஸார்க் என்ற நீலக் கிரீச்சர் களத்துக்கு வரும்போது நம் கார்டு ஒன்றை மறுபடி தயார்நிலைக்கு எழுப்பும். ஸ்பிளின்டர் ட்வின் என்ற சிவப்புக் கார்டை அதன் மேல் போட்டால், அந்தக் கிரீச்சர் தன்னையே நகலெடுக்கும். நகல் வந்ததும் மூலத்தை எழுப்பும், மூலம் இன்னொரு நகல் எடுக்கும், முடிவே இல்லை. அந்தச் சுற்றிலேயே வெற்றி. இந்த ஜோடியை ஆசையாகப் பெட்டியில் வைத்துவிட்டு, பல மாதம் ஆகியும் யாரும் அதைச் செய்து காட்டவில்லையே என்று நான் வருந்தியிருக்கிறேன். கணக்குத்தான் காரணம். நான்கு பேர் வரும் நாளில் இரண்டும் வெளியே வருவதே நாலில் ஒரு முறை.

வழி என்ன? ஒரே வேலையைச் செய்யும் மாற்றாட்கள். ஸ்பிளின்டர் ட்வின் செய்வதைக் கிக்கி-ஜிக்கியும் செய்யும். எக்ஸார்க் செய்வதைப் பெஸ்டர்மைட்டும் ஸெலஸ் கான்ஸ்கிரிப்ட்ஸும் செய்யும். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் மூன்று என்று வைத்தால், இரு பக்கமும் ஒன்றாவது அன்றைக்கு வரும் வாய்ப்பு கால் என்பதிலிருந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டுக்கு ஏறிவிடும். ஒரு கருத்தைச் சுற்றி எத்தனை கார்டு இருக்கிறது என்ற இந்தக் கணக்குக்கு அடர்த்தி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அடர்த்தி புரிந்துவிட்டால், “கார்டு கூடினால் கியூப் வளமாகும்” என்ற எண்ணமும் தானாக உதிரும். நான்கு பேர் ஆடும் ஊரில் 540 கார்டு வைத்தால் மூன்றில் ஒரு பங்குதான் வெளியே வரும். குறிப்பிட்ட ஜோடி ஒன்று வருவது ஒன்பதில் ஒரு முறை. எத்தனை பேர் உண்மையில் வருகிறார்கள் என்று பார்த்துப் பெட்டியின் அளவை முடிவுசெய்யுங்கள்.

## சிவப்பு ஜெயித்துக்கொண்டே இருந்தபோது

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது ஞாயிறுகளில் ஏழு முறை சிவப்பு உள்ள கட்டே வென்றது. எங்கள் கட்டுகள் பெரும்பாலும் இரு நிறம். ஐந்தில் இரண்டு நிறம் என்றால், எல்லாம் ஒழுங்காக இருந்தால் பத்தில் நான்கு முறை சிவப்பு வென்றவர் கையில் இருக்க வேண்டும். ஏழு என்பது கூடத்தான். லைட்னிங் போல்ட்டைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். கூடவே இன்னும் இரண்டு அடிக்கும் கார்டுகளையும். அடுத்த மூன்று வாரத்தில் இரண்டு வாரம் மறுபடி சிவப்பு.

ஐந்தாம் படிவம் படிக்கும் அக்காள் மகன் ஒருநாள் பாயில் உட்கார்ந்து எல்லாக் கார்டையும் மானா விலைவாரியாக அடுக்கினான். ஒரு மானா ஒரு வரிசை, இரண்டு மானா ஒரு வரிசை என்று, நிறத்துக்கு ஒரு பத்தி. இப்படி அடுக்கும்போது தெரியும் மேடுபள்ளத்துக்குக் கர்வ் என்று பெயர். அடுக்கி முடித்துவிட்டு, “மாமா, இங்க பாருங்க, ஓட்டையா இருக்கு” என்றான். இரண்டு மானா கிரீச்சர் சிவப்பில் 11, வெள்ளையில் 10, பச்சையில் 6, கறுப்பில் 5, நீலத்தில் 4. எல்லா நிறத்துக்கும் 50 கார்டு என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். எண்ணிக்கை சமம், விலை அடுக்கில் பள்ளம். நீலக்கட்டும் கறுப்புக்கட்டும் மூன்றாம் சுற்றுவரை களத்தில் ஆளே இல்லாமல் நின்றிருக்கின்றன.

இன்னொன்றும் தெரிந்தது. 40 இரு நிற லேண்டுகளில் 30, இறங்கிய சுற்றில் மானா தராதவை. சம்பளம் மறுநாள் கைக்கு வரும் வேலைபோல. இரு நிறம் தேவைப்படும் மெதுவான கட்டுகள் அவற்றை நம்பி இருந்தன. சிவப்பும் வெள்ளையும் அடிப்படை லேண்டை வைத்தே ஓடிவிட்டன.

மாற்றியது கொஞ்சம்தான். நீலத்தில் மூன்று, கறுப்பில் மூன்று, பச்சையில் இரண்டு என்று மானா விலை கூடிய கார்டுகளை எடுத்துவிட்டு, இரண்டு மானா கிரீச்சர்களை வைத்தோம். மெதுவான லேண்டுகளில் பத்தை எடுத்துவிட்டு, பெயின்லேண்டு எனப்படும் பத்தை வைத்தோம். நிற ஜோடிக்கு ஒன்று வீதம் அவை பத்துதான். ஐந்து 1995இலும் ஐந்து 2001இலும் வந்தவை. நிற மானா எடுக்கும்போதெல்லாம் ஓர் உயிரைப் பிடுங்கும். ஆனால் இறங்கிய அன்றே கூலி தரும். அக்ரோவை எதிர்க்கும் கட்டுக்கு ஓர் உயிரைவிட ஒரு சுற்று பெரிது. அடுத்த பத்து ஞாயிறில் சிவப்பு வென்றது நான்கு.

## மாற்றும் முறை

கடைக்குப் புதுக் கார்டுத் தொகுப்புகள் வருடத்துக்குப் பல வருகின்றன. படத்தைப் பார்த்ததும் கை பரபரக்கும். எங்கள் வழக்கம், ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். அதுவும் அதே நிறம், அதே விலை, அதே வேலை செய்யும் கார்டு. இரண்டு மானா கிரீச்சருக்குப் பதில் ஆறு மானா டிராகன் வைத்தால் மேலே சொன்ன பள்ளம் மறுபடி விழும்.

வாங்கும் முன் பேப்பரில் எழுதி, பழைய கார்டின் உறைக்குள் செருகி நான்கு வாரம் ஆடிப் பாருங்கள். யார் எடுத்தார்கள், எத்தனையாவதாக எடுத்தார்கள், கட்டில் சேர்த்தார்களா என்று எழுதுங்கள். எங்கள் கணக்கு, கடையில் கடன் எழுதும் 555 புத்தகத்தில் இருக்கிறது. எழுதாவிட்டால் கடைசியாகத் தோற்ற ஆட்டம் மட்டுமே நினைவில் நிற்கும்.

அவசரப்படவும் வேண்டாம். காசைச் சுண்டினால் மூன்று முறையும் ஒரே பக்கம் விழும் வாய்ப்பு நாலில் ஒன்று. மூன்று வாரம் ஒரே நிறம் வென்றது என்பதற்காகப் பெட்டியைப் பிரிக்காதீர்கள். நாங்கள் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து கார்டுக்கு மேல் மாற்றுவதில்லை. கூட மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

வெளியே எடுத்ததை விற்றுவிடவும் வேண்டாம். களம் மாறும்போது கார்டின் கனமும் மாறும். நாங்கள் பழைய மைலோ டின் ஒன்றில் போட்டு வைக்கிறோம். அன்றைக்குத் தூக்கிய மூன்று சிவப்புக் கார்டுகளும் ஓராண்டு அதில்தான் கிடந்தன. மற்ற நிறங்கள் இரண்டாம் சுற்றில் எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகு, சிவப்புக்குக் கை குறைவதாக 555 புத்தகம் காட்டியது. போன பொங்கலுக்கு லைட்னிங் போல்ட்டும் இன்னொன்றும் பெட்டிக்குத் திரும்பிவிட்டன. மூன்றாவது இன்னும் டின்னில் இருக்கிறது.